பாம்பரசரும் ஏழைப் பெண்ணும்

ஐம்பத்தேழாம் வருஷம் ஆகஸ்டு பத்தாம் தேதி, சனிக்கிழமை. மாணிக்கவாசகம் மத்தியானச் சோறு தின்றுவிட்டுப் பாயில் காலை நீட்டியிருந்தான். மலாக்காவின் காஜா பேராங்கில் அவன் குடியிருந்த வாடகை வீட்டுக்கு எதிரே ரோட்டோரம் மரம் நட்டு வளைவு கட்டிக்கொண்டிருந்தார்கள். இன்னும் மூன்று வாரத்தில் மலாயாவுக்குச் சுதந்திரம். ஆணி அடிக்கிற சத்தத்தில் கண் சொக்குவதும் விழிப்பதுமாக இருந்தது.

அவன் மனைவி பாக்கியலட்சுமி வாசற்படியில் உட்கார்ந்து ஒரு புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். புதுப் புத்தகம், மை வாசனை இன்னும் போகவில்லை. மாணிக்கவாசகமே அச்சுக் கோத்தது. மற்ற பிரதிகள் எல்லாம் காலையிலேயே கட்டுக் கட்டாக எழுதியவர் வீட்டுக்குப் போய்விட்டன. கம்பாஸிட்டருக்கு ஒன்று என்கிற வழக்கப்படி இது மட்டும் இங்கே வந்திருந்தது.

"என்னங்க, கிறிஸ்துவங்கள்லயும் நாகராஜா உண்டா?" என்றாள்.

"என்ன உளர்றே?"

"இதுல போட்டிருக்கே. பாம்பரசரும் ஏழைப் பெண்ணும்."

மாணிக்கவாசகம் எழுந்து வந்து புத்தகத்தை வாங்கிப் பார்த்தான். மூன்றாம் அதிகாரத்தின் தலைப்பு, பக்கத்தின் உச்சியில், கொட்டை எழுத்தில் இருந்தது. 'பாப்பரசரும்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'பாம்பரசரும்' என்று இருந்தது. ஒரே ஓர் எழுத்து. ரோமாபுரியில் சிம்மாசனத்தில் இருக்கிற பாப்பு அந்த ஓர் எழுத்தில் பாம்பாகிவிட்டார்.

அவன் அந்தத் தலைப்பை இன்னொரு முறை எழுத்தெழுத்தாக வாசித்தான்.

அச்சுத் தொழிலில் பிழை வருவது புதிதில்லை. கல்யாணப் பத்திரிகையில் மணமகனை மணமகளாக்கிய அச்சகங்கள் உண்டு. வேறு யாருடைய புத்தகமாவது இருந்தால் முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, பிழைதிருத்தம் என்று ஒரு துண்டுச் சீட்டு அடித்துச் செருகி விட்டிருப்பான். இந்தப் புத்தகத்தில் இந்தப் பிழைதான் வந்திருக்கக் கூடாது.

காரணம் இதுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவனுடைய ஒரே தங்கை மீனாச்சி, கத்தோலிக்கப் பையன் அருளப்பனைக் கட்டிக்கொள்வேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அப்பாவை ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை. அம்மாவும் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டாள். தங்கைக்குத் தலை வாரிவிட்டதிலிருந்து பள்ளிக்கூடம் அனுப்பியது வரை மாணிக்கவாசகம்தான். அப்படி வளர்த்த தங்கை ஒரு விடியற்காலை ஞானஸ்நானத்துக்குப் போய்விட்டாள். இவன் இரண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு மாதா கோயில் வாசலுக்கு ஓடினான். அவளைக் கையைப் பிடித்து இழுத்தான். அவள் கம்பிக் கதவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கூட்டம் கூடிவிட்டது. மாப்பிள்ளையின் அப்பா, உபதேசியார் தேவதாஸ், நடுவில் வந்து சமாதானம் பேசினார். அவர் முகத்துக்கு நேரேதான் இவன் கத்தினான்.

"உங்க பாப்பு எனக்குப் பாம்புய்யா. என் தங்கச்சியக் கொத்திட்டுப் போயிருச்சு."

மலாக்காவில் தமிழ் பேசுகிறவர்கள் பாதிப் பேர் இதைக் கேள்விப்பட்டிருந்தார்கள். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை இல்லை.

அந்தத் தேவதாஸ் எழுதிய புத்தகம்தான் இது. அசிசி என்கிற ஊரில் எழுநூறு வருஷத்துக்கு முன்னால் இருந்த கிளாரம்மாள் என்கிற அர்ச்சியசிஷ்டவளின், அதாவது புனிதவதியின், சரித்திரம். ஐந்துகாய பிரான்சிஸ்கு சந்நியாசியின் வழியில் ஏழ்மையைத் தேடிப் போன பெண். ஆறு மாதத்துக்கு முன்னால் அச்சக முதலாளி கைப்பிரதியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தபோது, வேறு யாராவது கோக்கட்டும் என்று சொல்ல மாணிக்கவாசகத்துக்கு வாய் வரை வந்தது. தமிழ் கோக்க அங்கே வேறு ஆள் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கோத்தான். இரண்டாம் அதிகாரத்தில் கிளாரம்மாள் குருத்து ஞாயிறு இரவு வீட்டை விட்டுப் போகிறாள். சொந்தக்காரர்கள் ஆள் கூட்டி வந்து இழுக்கிறார்கள். அவள் பீடத்துத் துணியைப் பிடித்துக்கொண்டு, கத்தரித்த தலையைக் காட்டி, இனி வரமாட்டேன் என்கிறாள். அந்தப் பக்கத்தைக் கோக்க அவனுக்கு இரண்டு நாள் ஆயிற்று. ஒவ்வோர் எழுத்தாக எடுத்து அடுக்குகிறவனுக்குப் படிக்காமல் தாண்டிப் போகிற வசதி கிடையாது.

இப்போது அந்தப் புத்தகத்தில், அவன் வாயால் சொன்ன அதே சொல், கொட்டை எழுத்தில்.

நாளை ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் பிறகு புத்தகத்தை வெளியிடுகிறார்கள். சிங்கப்பூரிலிருந்து ஒரு குருவானவர் வருகிறார். யார்தான் இதைக் கைப்பிழை என்று நம்புவார்கள்?

"வேணும்னா செஞ்சீங்க?" என்று பாக்கியலட்சுமியே கேட்டுவிட்டாள். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. பயந்த குரல்.

"தெரியல" என்றான் மாணிக்கவாசகம்.

அதுதான் உண்மை. அவனுக்கே தெரியவில்லை. பதினாறு வருஷமாகக் கேஸ் என்கிற எழுத்துப் பெட்டியைப் பார்க்காமல் எழுத்தெடுக்கிற கை. மனசுக்குள் கிடந்த சொல்லைக் கை தானாகவே எடுத்து வைத்திருக்குமோ? அந்த நினைப்புதான் அவனை வாட்டியது. பிறர் ஏசுவது கூட இரண்டாம் பட்சம்.

சைக்கிளை எடுத்தான். அச்சகம் பூட்டிக் கிடக்கும், திறந்தாலும் பயனில்லை. அச்சடித்த மறுநாளே எழுத்தைப் பிரித்துக் கேஸில் போட்டாகிவிட்டது. அத்தாட்சி என்று மிச்சம் இருப்பது திருத்திய புரூஃப் தாள் ஒன்றுதான். அது தேவதாஸ் வீட்டில் இருந்தது. புக்கிட் பாரு வீடு. இரண்டு வருஷமாக அந்த முனைக்கு வந்தால் வேறு சந்தில் திரும்பிப் போய்விடுவான். இன்றைக்குத் திரும்பவில்லை.

மீனாச்சி முற்றத்துக் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கொஞ்சம் பூசினாற்போல் இருந்தாள். அண்ணனைப் பார்த்ததும் கையிலிருந்த சட்டையை அப்படியே தோளில் போட்டுக்கொண்டு நின்றாள்.

"அண்ணே. அண்ணிக்கு ஏதாச்சுமா?"

"அவ நல்லாத்தான் இருக்கா." அவன் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. "அந்தப் பொஸ்தகத்துப் புரூஃப் இருக்கா?"

"நான்தானே வச்சிருக்கேன். மாமாவுக்குக் கண்ணுல புரை. நான் வாசிக்க வாசிக்க அவங்க திருத்தம் சொன்னாங்க."

இது அவனுக்குத் தெரியாது. திருத்தங்கள் எல்லாம் தேவதாஸ் கையெழுத்து என்றே நினைத்திருந்தான். அப்படியானால் இந்தப் பிழை அவன் தலையோடு போகாது. இந்து வீட்டுப் பெண்ணை மருமகளாக எடுத்தோம், பாப்பரசரைப் பாம்பாக்கி வாசித்துவிட்டாள் என்று ஊர் சொல்லும். அண்ணனும் தங்கையும் கூடிச் செய்த வேலை என்றும் சொல்லும்.

புத்தகத்தை விரித்து அவளிடம் நீட்டினான். வாசித்தவள் முகம் வெளுத்துப் போயிற்று. உள்ளே போய், தாள்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். இரண்டு பேரும் முற்றத்திலேயே குந்தி, மூன்றாம் அதிகாரத்தைத் தேடினார்கள். காற்றில் தாள் படபடத்தது. மீனாச்சி இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தாள்.

பாப்பரசரும் ஏழைப் பெண்ணும்.

ப்-தான். சந்தேகமே இல்லை. புள்ளி வைத்த ப்.

"நான் சரியாத்தான் வாசிச்சிருக்கேன்" என்றாள் மீனாச்சி. அவள் மூச்சு விட்ட சத்தம் அவனுக்குக் கேட்டது.

"நானும் சரியாத்தான் கோத்திருக்கேன். அப்புறம் எப்படி மாறிச்சு?"

அதற்கு மேல் யோசிக்க விடாமல் உள்ளேயிருந்து குரல் வந்தது. "யாரும்மா அங்க? குரல் கேட்ட குரலா இருக்கே."

தேவதாஸ் கூடத்தில் சாய்வு நாற்காலியில் இருந்தார். வெள்ளை வேட்டி, கழுத்தில் உத்தரியம். பக்கத்துச் சுவரோரம் புத்தகக் கட்டுகள் சணல் கயிற்றோடு பிரிக்காமல் அடுக்கியிருந்தன. மாணிக்கவாசகம் நிலைப்படியில் நின்றான். எத்தனையோ விதமாகச் சொல்ல வழியில் தயார் செய்திருந்தான். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"உபதேசியாரே, பொஸ்தகத்துல ஒரு தப்பு வந்திருச்சு. மூணாம் அதிகாரம் தலைப்புல பாப்பரசர் பாம்பரசர்னு இருக்கு. புரூஃப்ல சரியா இருக்கு. மெஷின்ல ஏறினப்புறம் எப்படியோ மாறியிருக்கு. நான்தான் பொறுப்பு. அன்னைக்குக் கோயில் வாசல்ல நான் பேசினது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வேணும்னு செஞ்சேனா, தெரியாம செஞ்சேனான்னு கேட்டா, சத்தியமா எனக்கே தெரியல."

கிழவர் உத்தரியத்தை விரலால் நெருடிக்கொண்டிருந்தார்.

"உட்காருப்பா" என்றார் கடைசியில். "நிக்கிற ஆளு நிழலாத்தான் தெரியுது எனக்கு."

அவன் தரையில் உட்கார்ந்தான்.

"பொஸ்தகத்துல இருக்கிற பாப்புமாருங்க கோவிச்சுக்க மாட்டாங்க. எழுநூறு வருஷமா என்னென்னமோ கேட்டுட்டாங்க. நாளைக்கு வர்ற ஃபாதர்தான் கோவிச்சுக்குவார். அவரு கொஞ்சம் முன்கோபி." உதடு லேசாகக் கோணிற்று. சிரிப்பா என்று நிச்சயமாகத் தெரியவில்லை. "மலாக்காவுல வேற அச்சகம் இல்லாமயா உன்னோட அச்சகத்துக்குக் கொடுத்தேன்? பினாங்குக்கு அனுப்பிடலாம்னுகூட அருளப்பன் சொன்னான். நான்தான் வேணாம்னுட்டேன்."

"ஏன்?"

"நீ நல்லாக் கோப்பே. எல்லாரும் சொல்றாங்க." கொஞ்சம் நிறுத்தினார். "அப்புறம், மீனாச்சி வாசிக்கிறப்போ ஒவ்வொரு தாளையும் மோந்து பார்ப்பா. எங்கண்ணன் கை மை வாசனைன்னு சொல்லுவா. ஆறு மாசம் வாசிச்சா."

மீனாச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள். மாணிக்கவாசகம் தரையைப் பார்த்தான்.

"சரி, அழுவுறது இருக்கட்டும்" என்றார் கிழவர். "இதை எப்படிச் சரி பண்றது? அதைச் சொல்லு."

வேலை என்றதும் அவனுக்குத் தலை நிமிர்ந்தது. பிளேடால் ம-வின் சுழியைச் சுரண்டி எடுத்துவிட்டு, அச்சு மையைத் தொட்டு வலது பக்கம் ஒரு நேர்கோடு போட்டால் ப ஆகிவிடும். மேலே புள்ளி இருக்கவே இருக்கிறது. கொட்டை எழுத்து என்பதால் நெருங்கிப் பார்த்தாலொழியத் தெரியாது. முந்நூறு பிரதி. இருட்டுவதற்குள் முடித்துவிடலாம்.

கட்டுகளை அவிழ்த்தார்கள். முதல் கட்டில் முதல் புத்தகத்தைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டான். பாப்பரசர். இரண்டாவதைத் திறந்தான். பாப்பரசர். அந்தக் கட்டு முழுவதும் சரியாக இருந்தது. அடுத்த கட்டிலும் பாதி வரை சரி. அதற்குப் பிறகுதான் பாம்பு தலை காட்டியது. அங்கிருந்து கடைசி வரை பாம்புதான்.

அவனுக்குப் பொறி தட்டியது. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் எழுத்து மாறியிருக்கிறது. அந்தப் பக்கம் அச்சான அன்று மத்தியானம் அவன் சாப்பிடப் போயிருந்தான். மெஷினில் இருந்தது சுப்பையன்.

சுப்பையன் டிரெடில் மெஷினை மிதிக்கிற ஆள். காஜா பேராங் செட்டி கம்பத்துக்காரர், மாணிக்கவாசகத்தைவிட பத்து வயது மூத்தவர். நெற்றியில் திருநீறும் வாயில் மலாயும். பல தலைமுறைக்கு முன் குடியேறிய வணிகர்களின் ஊரான அந்தக் கம்பத்தில் மாரியம்மனைக் கும்பிட்டாலும் தமிழ் பேசுகிறவர்கள் கிடையாது. தமிழ் எழுத்து அவருக்குச் சித்திரம். மாணிக்கவாசகம் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய், வேலி கட்டிக்கொண்டிருந்தவரைக் கையோடு பின்னால் ஏற்றிக் கூட்டிவந்தான். தலைப்பைக் காட்டி மலாயில் கேட்டான்.

சுப்பையன் கொஞ்சமும் தயங்கவில்லை. ஆமாம், அன்றைக்கு ஓர் எழுத்து நசுங்கிவிட்டது, தாளில் பாதிதான் விழுந்தது என்றார். கேஸில் போய்த் தேடினேன், அதே எழுத்து இல்லை. கிட்டத்தட்ட அதே மாதிரி ஒன்று இருந்தது, அதைச் செருகி மெஷினை ஓட்டினேன். நீ வந்ததும் சொல்ல நினைத்தேன், அதற்குள் முதலாளி கூப்பிட்டு வளைவு கட்டுகிற இடத்துக்கு அனுப்பிவிட்டார், மறந்துவிட்டது.

"சாமா ஜுகா" என்றார் முடிவாக. ரெண்டும் ஒண்ணுதானே என்று அர்த்தம். விரலால் காற்றில் ஒரு பெட்டி வரைந்து, ஓரத்தில் சின்னதாக ஒரு சுழி போட்டுக் காட்டினார்.

உண்மைதான். அந்தக் கொட்டை எழுத்தில் அச்சகத்தில் இருந்ததே இரண்டு ப்-தான். பாப்பரசருக்கு ஒன்று, ஏழைப் பெண்ணுக்கு ஒன்று. இரண்டும் தலைப்பிலேயே செலவாகிவிட்டன. மூன்றாவது கேஸில் எப்படி இருக்கும்?

மாணிக்கவாசகம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். தோளில் இத்தனை நேரம் இருந்த பாரம் எது என்று அது இறங்கிய பிறகுதான் தெரிந்தது. தன் கை செய்யவில்லை. தன் கை துரோகம் செய்யவில்லை. கண்ணில் நீர் முட்ட, அதோடு சிரிப்பும் வந்துவிட்டது. அவன் சிரிப்பதைப் பார்த்து மீனாச்சி சிரித்தாள். விஷயத்தை மருமகள் சொல்லக் கேட்டு தேவதாஸ் வயிறு குலுங்கச் சிரித்தார். சுப்பையன் மட்டும் ஒன்றும் புரியாமல் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பாம்புக்கு மலாயில் ஊலார் என்று மாணிக்கவாசகம் எடுத்துச் சொன்னதும் அவர் நெற்றியில் அடித்துக்கொண்டு, ஒரு பிளேடை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

கூடத்தில் பாய் விரித்து வேலை தொடங்கியது. மாணிக்கவாசகம் சுரண்டினான், சுப்பையனும் சுரண்டினார். மீனாச்சி தீப்பெட்டிக் குச்சியைக் கூராக்கி மையில் தொட்டுக் கோடு போட்டாள். போட்ட பக்கங்கள் காய வேண்டுமே, திறந்த புத்தகங்களைக் கூடம் நிறையப் பரப்பினார்கள். கிழவருக்குக் கண் வேலை செய்ய முடியாது. வாய் வேலை செய்தது.

"இன்னைக்கு என்ன தேதி?"

"பத்து."

"ஆகஸ்டு பத்து" என்றார். "எல்லாரும் அந்தக் கிளாரம்மாகிட்ட சொன்னாங்க, ஒண்ணுமே இல்லாம ஒரு மடம் நடத்த முடியாது, நிலபுலம் ஏதாச்சும் வச்சுக்கோன்னு. ஒன்பதாம் கிரகோரி பாப்பரசரே நேர்ல வந்து சொன்னாரு. வாக்குக் கொடுத்துட்டமேன்னு பயமா இருந்தா அந்த வாக்கிலேர்ந்து நான் உன்னை விடுவிக்கிறேன்னாரு. அதுக்கு அவ, என் பாவத்துலேர்ந்து விடுவியுங்க சாமி, ஏசுநாதர் பின்னால போறதிலேர்ந்து வேணாம்னுட்டா. மீனாச்சி, அந்த இடம் வாசிச்சோமே."

"மூணாம் அதிகாரம்தான் மாமா. இந்தப் பாம்புக்குக் கீழதான் இருக்கு."

"அப்புறம் எத்தனை வருஷம். கிரகோரி போனாரு, நாலாம் இன்னசெந்து வந்தாரு. இவ படுத்த படுக்கை. தான் எழுதின மடத்துச் சட்டத்துக்குப் பாப்பரசர் முத்திரை வேணும், அது ஒண்ணுதான் ஆசை. ஆகஸ்டு ஒன்பதாந் தேதி கையெழுத்தாச்சு. பத்தாந் தேதி ஒரு சந்நியாசி அந்தக் கடுதாசியக் கொண்டாந்து அவ கையில கொடுத்தாரு. அவ அதை முத்தம் கொடுத்துக்கிட்டே இருந்தாளாம். பதினொண்ணாந் தேதி போயிட்டா."

சுரண்டிக்கொண்டிருந்த மாணிக்கவாசகம் கையை நிறுத்தினான். கடைசி அதிகாரத்தையும் அவன்தான் கோத்தான். தேதிகளைக்கூட இலக்கம் இலக்கமாக எடுத்து வைத்தான். ஆனால் அந்த ஒரு நாள் இடைவெளி அப்போது உறைக்கவில்லை.

"கடுதாசி ஒரு நாள் தாமதமா வந்திருந்தா?"

"வந்துருச்சே" என்றார் கிழவர்.

ஐந்தரை மணி வாக்கில் அருளப்பன் பத்து பெரெண்டாம் விமானத் திடலில் வேலை முடிந்து வந்தான். வாசலில் தெரியாத சைக்கிள். கூடம் நிறைய வாய் பிளந்த புத்தகங்கள். நடுவில் மைத்துனன் கையில் பிளேடோடு. அருளப்பன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கோடு போடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு தானும் ஒரு குச்சியைக் கூராக்கினான். ஆறாவது புத்தகத்தில் கோடு கோணலாகப் போயிற்று.

"மச்சான், குச்சிய நிமிர்த்திப் பிடிங்க" என்றான் மாணிக்கவாசகம். அருளப்பனை அவன் மச்சான் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அருளப்பன் நிமிர்த்திப் பிடித்தான்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு முடிந்துவிட்டது. மீனாச்சி நெத்திலிச் சம்பாலும் சோறும் போட்டாள். வேண்டாம் என்று சொல்ல மாணிக்கவாசகம் வாயெடுத்தான்; அதற்குள் சுப்பையன் தட்டை நீட்டி இரண்டாம் தரம் வாங்கிக்கொண்டிருந்தார்.

மறுநாள் பூசை முடிந்து, சிங்கப்பூர்க் குருவானவர் புத்தகத்தைக் கையில் எடுத்தார். மாணிக்கவாசகம் மண்டபத்தின் கடைசி வரிசையில் பாக்கியலட்சுமியோடு நின்றிருந்தான். கூட்டத்தில் சிலர் திரும்பி அவனைப் பார்த்தார்கள். அவர் அதிகாரத் தலைப்புகளை ஒவ்வொன்றாக உரக்க வாசித்துக்கொண்டு வந்தார். மூன்றாவதுக்கு வந்ததும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரு நொடி உற்றுப் பார்த்தார். மாணிக்கவாசகம் முன்னால் இருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான். "பாப்பரசரும் ஏழைப் பெண்ணும்" என்று வாசித்துவிட்டு நாலாவதுக்குப் போய்விட்டார்.

முன் வரிசையில் தேவதாஸ் பக்கத்தில் இருந்த மீனாச்சி தலையைத் திருப்பி அண்ணனைத் தேடினாள். அவன் கண்ணை மூடித் திறந்தான்.

எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்தபோது மண்டபத்து வாசல் பெஞ்சியில் பாக்கியலட்சுமியும் மீனாச்சியும் உட்கார்ந்துவிட்டார்கள். மீனாச்சிக்கு இது நாலாம் மாதம் என்று பாக்கியலட்சுமிக்கு அப்போதுதான் தெரிந்தது. அங்கே தொடங்கிய பேச்சு எங்கெங்கோ போயிற்று. மாணிக்கவாசகம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வெயிலில் ஒரு மணி நேரம் நின்றான். மனைவியைக் கிளம்பச் சொல்லிக் கூப்பிடவில்லை.